ஹார்ட் டிஸ்க்ல டிக் டிக் சத்தம், சி5 மஞ்சளா இருக்கு: முதல்ல எதைச் செய்யணும்?

நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். டெஸ்க்டாப்ல 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸும் அதுலயேதான் இருக்கு. கொஞ்ச நாளா பூட் ஆகவே ரொம்ப நேரம் எடுக்குது. குறிப்பிட்ட ஒரு போட்டோ ஃபோல்டரைத் திறந்தா மேல பச்சைக் கோடு பாதியில நின்னுடும். மவுஸ் மட்டும் நகரும், மத்ததெல்லாம் உறைஞ்சுடும். பெட்டிகிட்ட காதை வெச்சா டிக், டிக், டிக், அப்புறம் சின்னதா ஒரு விர்ர், மறுபடி டிக்.

டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலைப் போட்டுப் பார்த்தேன். மேல மஞ்சள் கட்டத்துல எச்சரிக்கைன்னு வருது. கீழே பட்டியல்ல இருக்கிறது (செக்டர்னா டிஸ்க்ல தரவை எழுதற சின்னச் சின்ன இடம்):

05 மறு ஒதுக்கீடு செய்த செக்டர் – 000000000010
சி5 நிலுவையில் உள்ள செக்டர் – 000000000048
சி6 சரிசெய்ய முடியாத செக்டர் – 000000000048
சி7 சிஆர்சி பிழை – 000000000000

ஓடின நேரம் 31,000 மணிக்கு மேல. விண்டோஸ் வேற மூலையில "டிஸ்க்கில் பிழை இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்து சரிசெய்யவும்"னு கேட்டுட்டே இருக்கு. அமுக்கலாமா? உள்ள என் ஆய்வேட்டு வரைவும், பொண்ணு பிறந்ததுல இருந்து எடுத்த போட்டோக்களும் இருக்கு. பேக்கப் ஒண்ணு இருக்கு, ஆனா பழசு.

பழைய_மதர்போர்டு

பயப்படாதீங்க சகோ. தாராளமா அமுக்குங்க. அதுல சரியாகலைன்னா கமாண்ட் பிராம்ப்ட்ல செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) போட்டு ராத்திரி ஓட விடுங்க, காலையில பார்த்தா கெட்ட செக்டரை எல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கும். அப்புறம் ஒரு டீஃப்ராக். என் டிஸ்க்ல 05 ரொம்ப வருஷமா அப்படியேதான் இருக்கு, இன்னும் ஓடுது.

சர்வர்_காவலன்

நிலாமுற்றம், இதைப் படிச்சதும் மெஷினை ஷட்டவுன் பண்ணிடுங்க. ரீஸ்டார்ட் இல்ல, ஷட்டவுன். மீதியை மொபைல்ல படிங்க.

மதர்போர்டு அண்ணே, நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா இந்தக் கேஸ்ல அந்த ஆலோசனை ஆபத்து. செக்டிஸ்க்கோட வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்கா வைக்கிறது. உங்க போட்டோவைக் காப்பாத்தறது அதோட வேலையே இல்ல. ஸ்லாஷ் ஆர் போட்டா பார்ட்டிஷன் முழுக்க ஒவ்வொரு இடமா படிக்கும், படிக்க முடியாத இடத்துல மறுபடி மறுபடி முட்டும். ஒரு ஃபோல்டரோட பதிவு சிதைஞ்சிருந்தா அதை நீக்கிட்டு, அனாதையா நிக்கிற துண்டுகளை ஃபவுண்ட்.000ங்கிற ஃபோல்டர்ல பேர் தெரியாத ஃபைலா கொட்டி வைக்கும். இத்தனையையும் அதே டிஸ்க் மேலயே எழுதும். எலும்பு முறிஞ்ச காலோட இருக்கிறவரை ஓடவிட்டு, கால் எப்படி இருக்குன்னு பார்க்கிற மாதிரி. டீஃப்ராக் அதுக்கும் மேல. நல்ல இடத்துல இருக்கிற ஃபைலைத் தூக்கி எங்க கெட்டிருக்குன்னே தெரியாத இடத்துல வைக்கும்.

இப்ப அந்த எண்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரா மதிப்பை, அதாவது நேரடி எண்ணிக்கையை, ஹெக்ஸ்ல (பதினாறை அடிப்படையா வெச்ச எண் முறையில) காட்டும். நீங்க பார்த்த 48 நாற்பத்தெட்டு இல்ல, 72. அந்த 10ங்கிறது 16. (ஃபங்ஷன் மெனுவுல மேம்பட்ட அம்சம், அதுக்குள்ள ரா வேல்யூஸ்னு போனா டெசிமலா மாத்திக்கலாம்.) 05ங்கிறது டிஸ்க் தானே கண்டுபிடிச்சு, உதிரியா வெச்சிருந்த செக்டருக்கு மாத்திக்கிட்ட கணக்கு. அது முடிஞ்சுபோன கதை. சி5தான் கவலை. "இந்த இடத்தைப் படிக்க முடியல, என்ன செய்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல"ன்னு டிஸ்க் சொல்றது அது. அந்த இடத்தை மறுபடி சரியா படிக்க முடிஞ்சாலோ, அங்க ஏதாவது எழுதினாலோதான் முடிவாகும். எழுதினா பழைய தரவு போச்சு. சில டிஸ்க்ல இந்த எண் எட்டு எட்டா ஏறும், ஏன்னா 4096 பைட் கொண்ட ஒரு நிஜ செக்டர் வெளியே எட்டு 512 பைட் செக்டரா தெரியுது. 72ங்கிறது அப்படி ஒன்பது இடமா இருக்கலாம். குறைச்சல்தான். ஆனா நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவுங்கிறதுதான் கேள்வி, அதைத் தெரிஞ்சுக்க டிஸ்க்கை ஓடவிட்டுப் பார்க்கிற நேரம் இது இல்ல.

நிலாமுற்றம்

ஷட்டவுன் பண்ணிட்டேன். நன்றி. வெளி யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு இருக்கு, பாதி காலி. மறுபடி ஆன் பண்ணி போட்டோவை மட்டும் காப்பி பேஸ்ட் பண்ணிடலாமா?

சர்வர்_காவலன்

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஆன் பண்ண உடனேயே சீரான இடைவெளியில டிக் வருதா, இல்ல குறிப்பிட்ட ஃபோல்டரைத் தொட்டாத்தானா?

நிலாமுற்றம்

ஆன் பண்ணும்போது இல்ல. பூட் ஆகும்போது நடுவுல ஒரு தடவை, அப்புறம் அந்த ஃபோல்டர்ல கை வெச்சா வரும்.

சர்வர்_காவலன்

நல்லது. ஆன் பண்ணினதும் டிக் டிக்னு ஒரே தாளத்துல அடிச்சுட்டு பயோஸ்லயே தெரியாம போற டிஸ்க்குக்கு எந்த மென்பொருளாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. தட்டுல இருக்கிற தரவைப் படிக்கிற ஹெட்டு தன் இடத்தைத் தேடி, கிடைக்காம, திரும்பிப் போய் மறுபடி தேடறதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு சுத்துக்கும் தட்டு மேல கீறல் விழ வாய்ப்பு. அப்ப கரண்ட்டைப் பிடுங்கறது மட்டும்தான் வேலை. உங்களுது குறிப்பிட்ட இடத்துல மட்டும் திணறுது, அதனால நாமே முயற்சி பண்ணலாம்.

ஆனா அதே விண்டோஸ்ல பூட் பண்ணாதீங்க. விண்டோஸ் ஓடினாலே பேஜ் ஃபைல், அப்டேட், இண்டெக்ஸ், ஆன்டிவைரஸ்னு நீங்க கேக்காமலே டிஸ்க்கைப் படிச்சும் எழுதியும் கிட்டே இருக்கும். வேற ஒரு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் லைவ் பென்டிரைவ் தயார் பண்ணி அதுல பூட் பண்ணுங்க. பழுதான பார்ட்டிஷனை ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணுங்க, அதாவது எதுவும் எழுதாம படிக்க மட்டும் திறங்க. முதல்ல ஆய்வேடு. அளவு சின்னது, மதிப்பு பெரிசு. அப்புறம் போட்டோ, அதுவும் சிக்கலான அந்த ஃபோல்டரைக் கடைசியா வெச்சு. ஒரு ஃபைல்ல நின்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. ஆர்சிங்க்ங்கிற காப்பி நிரல், பிழை வந்த ஃபைலைச் சொல்லிட்டுத் தானே தாண்டிப் போகும்.

விண்டோஸ்தான் பழக்கம்னா டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல போட்டு ரோபோகாபிங்கிற காப்பி கட்டளையைப் பயன்படுத்தலாம். அதுல ஒரு பொறி இருக்கு. நீங்க எதுவும் சொல்லலைன்னா பிழை வந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் பத்து லட்சம் தடவை மறுமுயற்சி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 30 நொடி காத்திருப்பு. அதுதான் அதோட இயல்பு அமைப்பு. மறுமுயற்சியை 0ன்னு கொடுத்துடுங்க. அந்த மெஷின் பூட் ஆகும்போதே இந்த டிஸ்க்கைச் செக்டிஸ்க் பண்ணப் போறேன்னு கவுண்ட்டவுன் வந்தா ஏதாவது ஒரு கீயை அமுக்கி நிறுத்திடுங்க.

இளவேனில்

ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வெச்சா கொஞ்ச நேரம் நல்லா ஓடும்னு படிச்சிருக்கேனே? பிளாஸ்டிக் பையில சுத்தி வைக்கணுமாம்.

வயர்மேன்

வேண்டாம் தங்கச்சி. அது ஒரு காலத்து டிஸ்க்ல, ஹெட்டு தட்டோட ஒட்டிக்கிட்டு சுத்தாம நிக்கிற கோளாறுக்குச் சிலருக்குக் கைகொடுத்த வித்தை. இப்ப ஹெட்டு தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல பறக்குது. குளிர்ல இருந்து எடுத்ததும் ஈரம் படியும், அந்த ஈரத்தோட நிமிஷத்துக்கு 5400, 7200 சுத்து சுத்தவிட்டா மிச்சம் இருந்த வாய்ப்பும் போயிடும். தட்டிப் பார்க்கிறது, மூடியைத் திறந்து பார்க்கிறது எல்லாமே இந்த ரகம்தான்.

நான் சொல்ல வந்தது வேற. இழையோட தலைப்பைப் பார்த்துட்டு நிறைய பேர் வருவாங்க, அவங்களுக்காக. மெதுவா ஓடறது, உறையறது, டிஸ்க் திடீர்னு காணாம போய்த் திரும்ப வர்றது, இது எல்லாமே டிஸ்க் சாகறதோட அறிகுறின்னு முடிவு பண்ணாதீங்க. சி7ஐப் பாருங்க. அது கேபிள் வழியா வர்ற தரவு வழியில கெட்டுப்போன கணக்கு. எங்க ஆபீஸ்ல ஒரு மெஷின் இதே மாதிரி உறையும், சி7 ஏறிட்டே இருந்தது, 05உம் சி5உம் சுத்தமா பூஜ்யம். டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளை மாத்தினேன், நின்னுடுச்சு. ஏறின எண் மறுபடி இறங்காது, அதைப் பார்த்துக் குழம்பாதீங்க. மேல ஏறாம இருந்தா போதும். பவர் கனெக்டர் லூஸா இருந்தாலும் டிஸ்க் பாதியில அணைஞ்சு எழும், அப்பவும் ஒரு டிக் கேக்கும். ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பதிவையும் பாருங்க. டிஸ்க்னு மூலம் போட்டு எண் 7 வந்தா கெட்ட பிளாக். 153 வந்தா படிக்கவோ எழுதவோ மறுபடி முயற்சி பண்ணியிருக்குன்னு அர்த்தம், அது கேபிளாவும் இருக்கலாம் டிஸ்க்காவும் இருக்கலாம்.

நிலாமுற்றம் கேஸ்ல சி7 பூஜ்யம், சி5 72. இங்க கேபிள் மேல பழி போட வழியில்ல.

பழைய_மதர்போர்டு

எல்லாரும் சேர்ந்து என்னை வில்லன் ஆக்கிட்டீங்க 😄 ஆனா ஒரு கேள்வி. என் டிஸ்க்ல 05 பல வருஷமா 40லயே இருக்கு, ஒண்ணும் ஆகலையே. ஸ்மார்ட் எண்ணை, அதாவது டிஸ்க் தன்னைப் பத்தித் தானே சொல்ற இந்தக் கணக்கை, இவ்வளவு நம்பணுமா?

தரவுத்_தாத்தா

நியாயமான கேள்வி. இதற்கு ஊகத்தை விட நல்ல பதில் உண்டு. கூகுள் பொறியாளர்கள் மூவர் தங்கள் சர்வர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பின்னணி ஸ்கேனில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் எண்ணிலும் ஒரு சின்ன அசைவைக்கூடக் காட்டாமலே போயிருக்கின்றன.

இணையவழி பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் ஐந்து எண்களை முக்கியமாகக் கவனித்து வந்தது: 05, 187, 188, 197, 198. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் ஹெக்ஸ் கணக்கில் 05, பிபி, பிசி, சி5, சி6. 2016-ல் அவர்கள் சொன்ன கணக்கு, பழுதான டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இவற்றில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றிலும் 4.2 சதவீதத்தில் இருந்தது. உங்கள் 40 அந்த 4.2-ல் சேர்த்தி. பல வருஷமாக நகராத எண்ணை நானும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நகரும் எண் வேறு.

மஞ்சள் வந்தால் நம்புங்கள். எல்லாம் நலம் என்று சொல்லும் நீலம் வந்தால் நம்பாதீர்கள். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்று, சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 இரண்டின் ரா மதிப்பும் கோடிக்கணக்கில் தெரியும். அது அவர்கள் எண்ணும் முறை. அதைப் பார்த்துப் பதறி வாரத்துக்கு ஒருவர் புது இழை தொடங்குகிறார்.

நிலாமுற்றம்

நிலவரம் சொல்றேன். லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஆய்வேடு முழுக்க வந்துடுச்சு, திறந்தும் பார்த்துட்டேன். போட்டோவும் பெரும்பாலும் வந்துடுச்சு. அந்த ஒரு ஃபோல்டர்ல மட்டும் நிறைய ஃபைல்ல "உள்ளீட்டுப் பிழை". இதுக்கு மேல என்ன வழி? புது 2 டெராபைட் டிஸ்க் வாங்கிட்டேன்.

சர்வர்_காவலன்

அருமை. இப்ப டிடிரெஸ்க்யூ. குனூ டிடிரெஸ்க்யூ, பேர்ல ஒத்துப்போற வேற நிரலும் உண்டு, மாத்திப் போட்டுடாதீங்க. இது ஃபைல் ஃபைலா பார்க்காது, டிஸ்க்கை அப்படியே செக்டர் வாரியா நகல் எடுக்கும். சாதாரண காப்பியில இருந்து இது வேறுபடற இடம், கெட்ட இடம் வந்தா அங்கேயே நின்னு முட்டாம தாண்டிக் குதிச்சு, நல்லா வர்றதை எல்லாம் முதல்ல அள்ளிடும். விட்டதை மேப் ஃபைல்னு ஒண்ணுல குறிச்சு வெச்சுட்டு அப்புறமா திரும்பி வரும். கரண்ட் போனாலும் நீங்களே நிறுத்தினாலும் அந்த மேப் ஃபைல் இருந்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். அதனால மேப் ஃபைலைப் பென்டிரைவ்லயோ வெளி டிஸ்க்லயோ வைங்க. லைவ் லினக்ஸோட சொந்த ஃபோல்டர்ல வெச்சா ஆஃப் பண்ணினதும் காத்துல போயிடும்.

முதல் சுத்தை மறுமுயற்சி இல்லாம, சுரண்டற கட்டத்தையும் (கெட்ட பகுதியைச் செக்டர் செக்டரா படிச்சுப் பார்க்கிறது) தவிர்த்து ஓட்டுங்க. அது முடிஞ்ச பிறகு, டிஸ்க் இன்னும் தெம்பா இருந்தா, மூணு மறுமுயற்சியோட ரெண்டாவது சுத்து. சாயங்காலம் ஆரம்பிச்சா காலையில பார்க்கலாம்னு நினைக்காதீங்க, கெட்ட பகுதியில வேகம் கிலோபைட்டுக்கு இறங்கிடும். நடுவுல டிக் சத்தம் விடாம அடிக்க ஆரம்பிச்சாலோ டிஸ்க் காணாம போனாலோ நிறுத்திடுங்க.

நகலை ஒரே இமேஜ் ஃபைலா எடுக்கறதா இருந்தா புது டிஸ்க் என்டிஎஃப்எஸ்லயோ எக்ஸ்ட்4லயோ இருக்கணும். ஃபேட்32ன்னா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது.

முக்கியமானது. எது மூலம், எது சேரிடம்னு கமாண்ட்ல மாத்திக் கொடுத்தா காலி டிஸ்க் உங்க போட்டோ மேல எழுதப்படும், டிடிரெஸ்க்யூ மறுபேச்சு பேசாது. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி பேரை நம்பாதீங்க, ஒவ்வொரு பூட்டுக்கும் அது மாறலாம். டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரையும் திரையில தெரியற சீரியல் நம்பரையும் எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பார்த்துட்டு எண்டர் அடிங்க.

கயல்

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். என் லேப்டாப்ல எஸ்எஸ்டி. அதுக்கும் இந்த அறிகுறிகள்தானா?

வயர்மேன்

சத்தம் வராது, அதுதான் பிரச்சினையே. நேத்து வரைக்கும் நல்லா இருந்தது, இன்னைக்கு பயோஸ்லயே இல்லங்கிற கதைதான் எஸ்எஸ்டியில அதிகம். என்விஎம்இ வகை எஸ்எஸ்டின்னா பயன்படுத்திய சதவீதம், மிச்சமுள்ள உதிரி, மீடியா பிழைன்னு மூணு வரி இருக்கும், அதைப் பாருங்க. சிலது கடைசியில ரீட் ஒன்லிக்குப் போயிடும்: சேவ் ஆகாது, படிக்க மட்டும் முடியும். அது வந்தா அதிர்ஷ்டம்னு நினைச்சு உடனே நகல் எடுத்துடுங்க. அழிச்ச ஃபைலை மீட்கிறதும் இதுல கஷ்டம், அழிச்ச இடத்தைக் காலி பண்ணச் சொல்ற டிரிம் ஓடிட்டா அங்க ஒண்ணும் இருக்காது.

இளவேனில்

வெளி யூஎஸ்பி டிஸ்க்ல இதே மாதிரி வந்தா பெட்டியைப் பிரிச்சு உள்ள இருக்கிற டிஸ்க்கை நேரா சாட்டாவுல போடலாமா? (இந்தத் தடவை ஃப்ரீசர் இல்ல!)

சர்வர்_காவலன்

இது நல்ல கேள்வி 🙂 முதல்ல கேபிளையும் போர்ட்டையும் மாத்திப் பாருங்க, யூஎஸ்பி டிஸ்க்ல பாதிக் கோளாறு அங்கதான் இருக்கும். பிரிக்கறதுல ரெண்டு சிக்கல். சில மாடல்ல யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கோட போர்டுலயே பற்றவெச்சிருக்கும், சாட்டாவே கிடையாது. வேற சிலதுல, வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் வரிசையில சில மாடல் மாதிரி, யூஎஸ்பி போர்டே தரவை என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதும், நீங்க பாஸ்வேர்டு வைக்கலைன்னாலும். பிரிச்சு நேரா போட்டா வெறும் குப்பைதான் தெரியும். அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டுட்டா சாவியும் போச்சு.

அதே மாதிரி, ஒரே மாடல் இன்னொரு டிஸ்க்ல இருந்து சர்க்யூட் போர்டைக் கழட்டி மாட்டறதும் இப்ப வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியா அளந்து எழுதின அளவுத்திருத்தம் அந்தப் போர்டுல ஒரு ஆர்ஓஎம் (ROM) சிப்ல இருக்கு. அதையும் பிடுங்கி மாத்தணும், அது தொழில்முறை ஆட்கள் வேலை. அவங்ககிட்ட கொடுக்கறதா இருந்தா, முன்னாடி நாம எவ்வளவு கம்மியா கை வெச்சிருக்கோமோ அவ்வளவு நல்லது. டிஸ்க்கைத் திறக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கணும்னு எழுதி வாங்கிக்கோங்க.

நிலாமுற்றம்

டிடிரெஸ்க்யூ முடிஞ்சது! மீட்டது 99.99 சதவீதம்னு காட்டுது, கெட்ட பகுதி சில நூறு கிலோபைட்தான். நடுவுல ரொம்ப நேரம் ஒரே எண்ணுல நின்னப்ப கை பிளக் பக்கம் போயிடுச்சு, அப்புறம் தானே தாண்டிடுச்சு. ஆனா இப்ப எந்த ஃபைல் உள்ளுக்குள்ள கெட்டிருக்குன்னு எப்படித் தெரியும்? பேரும் அளவும் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

தரவுத்_தாத்தா

வாழ்த்துகள் அம்மா. டிடிரெஸ்க்யூவிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஃபில் என்றொரு பயன்முறை. மேப் ஃபைலைப் பார்த்து, மீட்க முடியாத இடங்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் ஒரு சொற்றொடரை நிரப்பும். வேறெங்கும் வராத ஒரு சொல்லாகக் கொடுங்கள். பிறகு இமேஜை மவுண்ட் செய்து, அந்தச் சொல் எந்தெந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடினால் பட்டியல் கையில் வரும். இதையெல்லாம் நகலின் மேல்தான் செய்ய வேண்டும், மூல டிஸ்க்கின் மேல் அல்ல.

ஜேபெக் படத்தில் நடுவில் ஒரு செக்டர் போனால் பெரும்பாலும் அந்த இடத்துக்குக் கீழே சாம்பல் நிறமோ நிறம் மாறிய பட்டையோ வரும், மேல்பாதி மிஞ்சும். அந்தப் படங்கள் பழைய பேக்கப்பிலோ யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் சின்னதாக இருந்தால் இந்தத் தேடல் அலுக்காது.

சர்வர்_காவலன்

மதர்போர்டு அண்ணே, இப்ப செக்டிஸ்க் போடலாம். நகலோட இன்னொரு நகல் மேல 😄

பழைய_மதர்போர்டு

அப்பாடா, கடைசியில அனுமதி கிடைச்சுது! சரி, அந்தப் பழைய டிஸ்க்கை ஃபுல் ஃபார்மேட் போட்டா சி5 பூஜ்யமாகி நீலமே வந்துடும், நான் பார்த்திருக்கேன். வீணாக்காம எதுக்காவது வெச்சுக்கலாமே?

வயர்மேன்

வரும். விண்டோஸ்ல விஸ்டாவுக்கு அப்புறம் ஃபுல் ஃபார்மேட்டு முழுக்க பூஜ்யம் எழுதுது. எழுதினதும் நிலுவை தீர்ந்துடும், ஒண்ணு அந்த இடமே மறுபடி வேலை செய்யும் இல்ல 05க்குப் போயிடும். டிஸ்க் குணமாகல, கணக்கு முடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஏற்கெனவே ஹெட்டு டிக் அடிச்ச டிஸ்க்கை நான் தொடமாட்டேன். உங்களுக்கு மனசு கேக்கலைன்னா, போனாலும் பரவாயில்லைங்கிற டவுன்லோடை மட்டும் வைங்க. நிலாமுற்றம், நீங்க எல்லா ஃபைலையும் திறந்து பார்த்து முடிக்கிற வரைக்கும் அதை ஃபார்மேட் பண்ணாம அப்படியே எடுத்து வைங்க.

நிலாமுற்றம்

பட்டியல் வந்துடுச்சு. பதினோரு படம்தான். அதுல ஆறு பழைய பேக்கப்ல இருக்கு. கடைசிக் கேள்வி: எல்லாம் முடிஞ்சதும் பழைய டிஸ்க்கை மின்கழிவுல போடறதுக்கு முன்னாடி அழிக்கணுமா?

சர்வர்_காவலன்

அழிக்கணும், ஆனா முழுசா அழிக்க முடியாது. 05ல ஒதுக்கின பழைய செக்டரை நீங்க எழுதற பூஜ்யம் தொடாது, துண்டு துண்டா தரவு அங்கேயே நிக்கும். ஒரு சுத்து எழுதி அழிச்சுட்டு, தட்டு வழியா போற மாதிரி டிரில்ல ரெண்டு மூணு ஓட்டை போட்டுடுங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பண்ணுங்க, சில டிஸ்க்ல தட்டே கண்ணாடியால ஆனது, சிதறும். புது டிஸ்க்குல இந்தத் தொல்லை வேண்டாம்னா முதல் நாளே என்கிரிப்ட் பண்ணிடுங்க. மீட்புச் சாவியை மட்டும் அதே டிஸ்க்குல சேவ் பண்ணாதீங்க, தாள்ல எழுதி வைங்க.